லாரி போகும் வழியும் குழந்தையின் மூச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளிடம் ஆஸ்துமா ஏறத்தாழ இரு மடங்கு இருக்கிறது என்ற செய்தி தமிழ் இதழ்களிலும் அவ்வப்போது வருகிறது. "அவங்க உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் பலர். குழந்தைகளின் மூச்சுக்குழாய் நோய்களோடு அன்றாடம் புழங்கும் எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய உறுத்தல். அது ஏன் தவறு என்பதை அந்நாட்டுக் கணக்குகளை வைத்தே சொல்லிவிடலாம்.

அமெரிக்கப் படிவங்களில் "ஹிஸ்பானிக்" என்று ஒரே கட்டம் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்துக்குள் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த குழந்தைகளும் மெக்சிகோ வழிவந்த குழந்தைகளும் அடக்கம். ஆஸ்துமா விகிதம் அந்நாட்டில் மிக அதிகமாக இருப்பது போர்ட்டோ ரிக்கோ குழந்தைகளிடம். மெக்சிகோ வழிக் குழந்தைகளிடம் அது வெகு குறைவு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நோய் எங்கே குவிந்திருக்கிறது என்பதே மறைந்துபோகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்கு இடையில் நோய் வருவதில் வித்தியாசம் இரு மடங்கு. அவசர சிகிச்சைக்கு ஓடுவதில் அதைவிட அதிகம். இறப்பில் பல மடங்கு. எல்லாமே உடல்வாகு என்றால், படிக்குப் படி இப்படி அகன்றுகொண்டே போக வேண்டியதில்லை. நோய் வந்த பிறகு அந்தக் குழந்தை எந்தக் காற்றை மூச்சிழுக்கிறது, எந்த மருந்து எப்போது கையில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கு காட்டுகிறது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சால்பியூட்டமால் இன்ஹேலருக்குப் போர்ட்டோ ரிக்கோ நோயாளிகளின் மூச்சுக்குழாய், மெக்சிகோ வழியினருடையதைவிடக் குறைவாகவே விரிகிறது என்பது 2004-லேயே தெரியவந்தது. ஆனால் அதைக் கண்டறிந்த எஸ்தபான் பர்ச்சார்டின் ஆய்வுக் குழுவே 2013-இல் இன்னொன்றையும் வெளியிட்டது. லத்தீன், கறுப்பினக் குழந்தைகள் பிறந்த முதல் ஆண்டில் சுவாசித்த நைட்ரஜன் டை ஆக்சைடு, நூறு கோடியில் 5 பங்கு கூடினால், பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடு கூடுகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு பெரும்பாலும் வண்டிப் புகை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை தன் வீட்டு வாசலில் எந்தச் சாலை ஓட வேண்டும் என்று முடிவு செய்வதில்லை.

அதை முடிவு செய்தவர்கள் யார் என்பதற்குக் காகிதச் சான்றே இருக்கிறது. 1935 முதல் 1940 வரை வீட்டுக்கடன் தொடர்பான அமெரிக்கக் கூட்டரசு நிறுவனம் ஒன்று 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடம் தயாரித்தது. பச்சை என்றால் முதல் தரம். பிறகு நீலம், மஞ்சள். கடைசியில் சிவப்பு, அதாவது "கடன் கொடுப்பது ஆபத்து". ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கப் படிவம் உண்டு. அதில் நீக்ரோக்கள் இருக்கிறார்களா, எத்தனை விழுக்காடு என்று ஒரு வரி. யாருடைய "ஊடுருவல்" நடக்கிறது என்று இன்னொரு வரி. கலிஃபோர்னியாப் படிவங்களில் ஆசியர்களின் பெயரும் அந்த வரியில் அடிபடும். நிறப் பாகுபாடு இந்த வரைபடத்தில்தான் பிறந்தது என்று சொல்ல முடியாது. இருந்த பாகுபாட்டை இது அரசு முத்திரையோடு தாளில் ஏற்றியது. கடன் கிடைக்காத இடத்தில் நில மதிப்பு விழுந்தது. மதிப்பு விழுந்த நிலத்தின் வழியாக விரைவுச் சாலை போட்டால் செலவும் குறைவு, எதிர்ப்புக் குரலுக்குப் பலமும் குறைவு.

அந்தக் கோடுகள் அழிந்து பல தலைமுறை ஆன பிறகு, 2020-இல் கலிஃபோர்னியாவின் 8 நகரங்களை எடுத்துப் பார்த்தார்கள். அன்று சிவப்பு பூசிய பகுதிகளில், பச்சை பூசிய பகுதிகளைப் போல 2.4 மடங்கு மக்கள் ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். 2022-இல் 202 நகரங்களில் நடந்த இன்னொரு ஆய்விலும், சிவப்புப் பகுதிகளின் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்துகளும் கூடுதலாக இருப்பது உறுதியானது.

கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்தைப் பாருங்கள். அங்கே ஏறத்தாழ இணையாக இரண்டு விரைவுச் சாலைகள் ஓடுகின்றன. 580-ஆம் எண் சாலை மேட்டுப்பாங்கான, வசதியான பகுதிகளை ஒட்டிப் போகிறது. 880-ஆம் எண் சாலை தாழ்வான பகுதியில், கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் நெருங்கி வாழும் தெருக்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே போகிறது. 580 சாலையில் 4.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் போகக் கூடாது. 1960-களில் அந்தச் சாலை வந்த காலத்திலிருந்தே தடை. சட்டம் போட்டு ஒரு பக்கத்துக் காற்றைக் காப்பாற்றிய அந்தக் கைதான் அத்தனை டீசல் லாரிகளையும் மறுபக்கம் திருப்பிவிட்டது. 2015-16-இல் கூகுளின் தெருக்காட்சி கார்களில் அளவுக் கருவிகளைப் பொருத்தி இந்நகரத் தெருக்களில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒரே தெருத் துண்டுக்குள்ளேயே மாசு 5 முதல் 8 மடங்கு வரை மாறுவது தெரிந்தது. நகருக்கு ஒன்றிரண்டு அளவு நிலையங்களை வைத்துக்கொண்டு "இன்று காற்று நன்று" என்று செல்பேசியில் வரும் எண், அந்த 5 மடங்குத் தெருவில் தூங்கும் குழந்தைக்கு எதையும் சொல்வதில்லை.

நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் இதே கதைதான். 1948-இல் தொடங்கி 1972-இல் முடிந்த குறுக்கு பிராங்க்ஸ் விரைவுச் சாலை, குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போடப்பட்டது. பக்கத்தில் ஹண்ட்ஸ் பாயிண்ட் மொத்தச் சந்தை. காய்கறி, இறைச்சி, மீன் பெருமளவு அங்கே வந்துதான் நகருக்குப் பிரிகின்றன. நாள்தோறும் ஆயிரக்கணக்கான லாரிகள். குளிர்பதன லாரிக்குப் பெரிய எஞ்சின் தவிரச் சரக்குப் பெட்டியின் நெற்றியில் சின்னதாக இன்னொரு டீசல் எஞ்சின் உண்டு. லாரி நின்றாலும் அது நிற்காது, சரக்கு கெட்டுவிடும் என்று இரவெல்லாம் ஓடும். அப்பகுதியில் மாட் ஹேவன், போர்ட் மோரிஸ் தெருக்களை மக்கள் "ஆஸ்துமா சந்து" என்றே அழைக்கிறார்கள்.

"சென்னையைவிட நியூயார்க் காற்று சுத்தம்தானே?" என்று வாசகர் கேட்கலாம். ஆண்டுச் சராசரி நுண்துகளைப் பார்த்தால் சுத்தம்தான். அமெரிக்க வரம்பு 2024-இல் கன மீட்டருக்கு 12 மைக்ரோகிராமிலிருந்து 9 ஆகக் குறைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. இந்திய வரம்பு 40. ஆனால் இதற்குக் கீழே தீங்கே இல்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. போதாததற்கு, சாலையோரக் குழந்தையைத் தாக்குவது ஆண்டுச் சராசரியில் தெரியாத டீசல் கரியும் நைட்ரஜன் டை ஆக்சைடும். இவை பகலில் சாலையிலிருந்து 150 முதல் 300 மீட்டருக்குள் பெருமளவு தணிந்துவிடும். விடியற்காலையில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலெழாமல் படுத்துக் கிடக்கும்போது, இதே புகை வெகுதூரம் பரவும். அதனால்தான் விரைவுச் சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய பள்ளி கட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா 2003-இல் சட்டம் போட்டது. பெரிய சாலையிலிருந்து 75 மீட்டருக்குள் வசிக்கும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா அதிகம் என்று 2006-இல் வெளியான தெற்குக் கலிஃபோர்னிய ஆய்வும் காட்டியது. லண்டனில் தெற்கு வட்டச் சாலையிலிருந்து 30 மீட்டருக்குள் வாழ்ந்து, 2013-இல் தன் 9-ஆம் வயதில் இறந்துபோன எல்லா (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமியின் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல்முறை.

டீசல் துகள் செய்யும் வேலை இரண்டு. ஒன்று, மூச்சுக்குழாயின் உட்தோலை நேரடியாகப் புண்ணாக்குவது. மற்றொன்று, ஒவ்வாப் பொருளோடு சேர்ந்து உள்ளே போய், உடல் அதைப் பகைவனாகப் பார்ப்பதை ஊதிப் பெருக்குவது. வெளியே லாரியும் உள்ளே கரப்பான் பூச்சியும் இருக்கும் பழைய வாடகைக் குடியிருப்பில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. 1997-இல் வெளியான நகர்ப்புற ஆய்வில் பாதிக் குழந்தைகளின் படுக்கையறைத் தூசியில் கரப்பான் ஒவ்வாப்பொருள் மிகுதியாக இருந்தது. அதற்கு ஒவ்வாமையும் இருந்து, அறையிலும் அது மிகுந்திருந்த குழந்தைகள் மற்றவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இதற்கு ஸ்ப்ரே அடிப்பது பெரிய தப்பு. ஸ்ப்ரேயே வீசிங்கைக் கிளப்பும், பூச்சியும் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும். சமையலறை மூலைகளில் ஜெல் மருந்தைச் சிறு பொட்டாக வையுங்கள். குழாய் சுவருக்குள் போகும் இடத்தைச் சுற்றி இடைவெளியைச் சீலண்ட் போட்டு அடையுங்கள். சொட்டும் குழாயை நிறுத்துங்கள். பூச்சி செத்தாலும் அதன் கழிவுத்தூள் மாதக்கணக்கில் கிடக்கும், எனவே அலமாரி அடி, அடுப்புப் பின்புறம் எல்லாவற்றையும் சோப்பு நீரில் துடைக்க வேண்டும். நியூயார்க்கில் 2019 முதல் நடப்பில் உள்ள நகரச் சட்டப்படி, 3 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தின் உரிமையாளர் பூஞ்சையையும் பூச்சியையும் ஆண்டுதோறும் சோதித்துச் சரிசெய்தாக வேண்டும். செய்யாவிட்டால் நகர உதவி எண் 311-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி வையுங்கள்.

மருத்துவக் கருவிகளிலும் பாகுபாடு ஒளிந்திருக்கிறது. இதில் தமிழர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒளியை வைத்து அளக்கிறது, கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு, வெள்ளையினத்தவரில் 3.6 விழுக்காடு. அது பெரியவர்களிடம் எடுத்த கணக்கு. ஒளியின் இயல்பு குழந்தைக்கு மாறாது. ஆகவே கருவி 95 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக்குழியிலும் தோல் உள்ளிழுக்கிறதா? ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டிரண்டு சொல்லாகப் பேசுகிறதா? இருந்தால் உடனே மருத்துவமனை.

நுரையீரல் ஊதுசோதனையின் கதை இதைவிடப் பழையது. அடிமைகளின் நுரையீரல் கொள்ளளவு 20 விழுக்காடு குறைவு என்று 1851-இல் எழுதினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். அந்த எண்ணம் கணினிக் காலத்திலும் கருவிகளுக்குள் தொடர்ந்தது. கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 விழுக்காடும் ஆசியர்களுக்கு 4 முதல் 6 விழுக்காடும் கழித்துக்கொண்டே "இயல்பு" கணக்கிடப்பட்டது. ஒரு சிறுவன் ஊதியது 1.7 லிட்டர், அவன் உயரத்துக்கு எதிர்பார்ப்பது 2 லிட்டர் என்று வையுங்கள். 85 விழுக்காடு, கவனிக்க வேண்டிய அளவு. 15 விழுக்காடு கழித்தால் எதிர்பார்ப்பே 1.7 ஆகிவிடும், தாளில் 100 விழுக்காடு என்று அச்சாகும். மாசில் சுருங்கிய நுரையீரல் இனத்தின் இயல்பாக எழுதப்பட்டுவிட்டது. 2023-இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் இனம் பாராத ஒரே கணக்கைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய மென்பொருள் உள்ள இடங்களில் பெற்றோர் கேட்டுப் பார்ப்பது நல்லது. சோதனைத் தாளின் மேற்பகுதியில் எந்த அளவுகோல் என்று போட்டிருக்கும்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. சாலையோரத்தில் குடியிருப்பவர்கள் எல்லோராலும் வீடு மாற்ற முடியாது. விலை உயர்ந்த வடிகட்டிக் கருவிக்குப் பதில் ஒரு பெட்டி செய்துகொள்ளலாம். 20 அங்குலச் சதுர மின்விசிறி ஒன்று, 20-க்கு 20 அங்குலத்தில் மெர்வ் 13 தரமுள்ள வடிகட்டி அட்டை நான்கு. அட்டைகளை நான்கு பக்கச் சுவராக நிறுத்தி, விசிறி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அடிப்பாகமாக வைத்து, விசிறியை மேலே மல்லாக்கக் கிடத்திக் காற்று மேல்நோக்கி வீசும்படி அகல நாடாவால் ஓட்டையில்லாமல் ஒட்டுங்கள். அட்டையின் ஓரத்தில் உள்ள அம்புக்குறி பெட்டியின் உட்பக்கம் பார்க்க வேண்டும். பலரும் தவறுவது இரண்டு இடத்தில். விசிறியின் நான்கு மூலை வழியாகக் காற்று மறுபடி உள்ளே இழுபடும், ஆகவே நடுவில் சுமார் 15 அங்குல வட்டத் துளை போட்ட அட்டையை விசிறியின் முகத்தில் ஒட்டி மூலைகளை மூட வேண்டும். அடுத்தது, அழுக்கான அட்டையைத் தட்டியோ கழுவியோ மீண்டும் போடுவது. அந்த இழைகளில் ஏற்றியிருக்கும் நிலைமின்சாரம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது, தண்ணீர் பட்டால் அது போய்விடும். ஆறு மாதத்தில், அல்லது சாம்பல் நிறம் ஏறியதும், புதிதாக மாற்றுங்கள். குழந்தை தூங்கும் அறையில், கதவைச் சாத்தி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மெதுவான வேகத்தில் இரவெல்லாம் ஓடட்டும். வேகமாக வைத்து இரைச்சல் தாங்காமல் நிறுத்துவதைவிட இதுவே மேல். துகளை மட்டும்தான் இது பிடிக்கும், நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களைப் பிடிக்காது. எரிவாயு அடுப்பு வைத்திருப்பவர்கள் புகைபோக்கி விசிறியை அதனால்தான் போட வேண்டும். ஓசோன் வெளியிடும் "காற்றுச் சுத்திகரிப்பான்" எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்கு நஞ்சு.

ஜன்னலுக்கும் நேரம் பார்க்க வேண்டும். சாலைப் புகை மிகுதி விடியலிலும் காலை நெரிசலிலும். கோடையில் வெயில் ஏறிய பிற்பகலில் ஓசோன் மிகும். இரண்டுக்கும் நடுவில், முற்பகலில் திறந்து காற்றோட்டம் விடுவது ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

மருந்து விஷயத்தில், நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை ஸ்பேசர் (இன்ஹேலரின் முன் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) இல்லாமல் நேராக வாயில் அடிப்பது. பாதி மருந்துக்கு மேல் தொண்டையிலேயே தங்கிவிடும். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் மாட்டி, சின்னக் குழந்தைக்கு முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடியிருக்க, ஒரே ஒரு பஃப் அடித்து 5 அல்லது 6 முறை சாதாரணமாக மூச்சுவிடச் செய்யுங்கள். பிறகு மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டு பஃப்பையும் சேர்த்து அடித்தால் மருந்து சுவரில் ஒட்டி வீணாகும். அழும் குழந்தைக்கு அழும்போதே கொடுத்தால் மருந்து உள்ளே போவது மிகக் குறைவு. ஸ்பேசரைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் முக்கியெடுத்துத் தானாகக் காய விட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இளைப்பு இல்லாத நாளிலும் அதை விடக் கூடாது. சால்பியூட்டமால் மட்டும் ஆண்டுக்கு 3 டப்பா, 4 டப்பா என்று தீர்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள், மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். பள்ளி திறந்த சில வாரங்களில், செப்டம்பரில், சளிக் கிருமி பரவி ஆண்டுதோறும் ஆஸ்துமா உச்சத்துக்குப் போகும். ஆகஸ்ட்டிலேயே புது இன்ஹேலர், பள்ளிக்குத் தனியாக ஒன்று, நோயின் நிலைக்கு ஏற்ப என்ன செய்வது என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்களில் சொல்லும், மருத்துவர் கையெழுத்திட்ட திட்டத்தாள் மூன்றும் தயாராக இருக்க வேண்டும்.

தெருவிலும் செய்ய ஒன்று உண்டு. நியூயார்க்கில் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடும் லாரி, பேருந்து மீது பொதுமக்களே புகார் தரலாம். வரம்பு 3 நிமிடம், பள்ளியை ஒட்டி 1 நிமிடம். எண் பலகை, கதவில் உள்ள நிறுவனப் பெயர், எஞ்சின் ஓசை மூன்றும் ஒரே காணொலியில், வெட்டாமல், வரம்பைத் தாண்டிய நேரத்துக்குப் பதிவாக வேண்டும். 2 நிமிடம் 50 நொடியில் நிறுத்திவிட்டால் புகார் நிற்காது. அபராதத்தில் 25 விழுக்காடு புகார் தந்தவருக்கே.

இவற்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. வீட்டுக்குள் பெட்டி வைக்கும் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டிவிட்டு, லாரியை அதே தெருவில் ஓடவிடுவது நியாயமும் இல்லை. எங்கே தீரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் 1990-களில் தொடங்கி அடுத்தடுத்து மூன்று தொகுதிப் பள்ளிப்பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். இடையில் டீசல் விதிகள் இறுகின, லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் பழைய லாரிகள் ஒழிக்கப்பட்டன. 15 வயதில் நுரையீரல் திறன் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த பிள்ளைகள் முதல் தொகுதியில் 7.9 விழுக்காடு, அடுத்ததில் 6.3, கடைசித் தொகுதியில் 3.6. ஹிஸ்பானிக் குழந்தைகளிடமும் முன்னேற்றம், மற்றவர்களிடமும் முன்னேற்றம். 2019-இல் வந்த தொடர் ஆய்வில் புதிதாக ஆஸ்துமா வருவதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை, மாறியது லாரியின் எஞ்சின். மேற்கு ஓக்லண்டில் மார்கரெட் கார்டன் போன்ற பெண்கள் ஆண்டுக்கணக்கில் லாரிகளை எண்ணி, அளவெடுத்து, அதிகாரிகள் முன் வைத்துப் பேசியதன் பயனாக 2019-இல் அப்பகுதிக்கென்றே தனிக் காற்றுத் திட்டம் வந்தது. இன்னொரு பக்கம், மாசுச் சுமை ஏழை, சிறுபான்மை மக்கள் மீது விழாமல் கவனிக்கச் சொன்ன 1994-ஆம் ஆண்டின் அதிபர் ஆணை, 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டுவிட்டது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய புள்ளிவிவரம் உங்கள் மேசைக்கு வரும்போது, குழந்தையின் இனத்தோடு இன்னும் இரண்டு விவரங்களையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்: வீட்டிலிருந்து லாரி போகும் சாலை எத்தனை மீட்டர், அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி.

இப்படிக்கு,
குழந்தைகள் நுரையீரல் நோய்ப் பிரிவில் பணிபுரியும் தமிழ் வாசகர்கள் சிலர்,
நியூயார்க்.